வலிக்கு நடுவே வாங்கிய சரி

1. கேட்கும் நேரம்

லேபர் வார்டில் என் முதல் நாள். கையுறை போடுவதிலிருந்து கருவிகளை எடுத்துவைப்பது வரை எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். சீனியர் அக்கா அதில் ஒன்றையும் சோதிக்கவில்லை. எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்பதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

"அட்மிஷன் போட்டதும் பேரு, வயசு, பிளட் குரூப் கேட்டுக்க. காப்பர்-டி மட்டும் அப்பக் கேக்காத. வலி நல்லா ஏறினப்புறம் கேளு."

"ஏன்க்கா?"

"முன்னாடியே கேட்டா வீட்ல கேக்கணும், மாமியாரக் கேக்கணும், வெளிநாட்டுக்குப் போன் போடணும்னு இழுப்பாங்க. வலில கேட்டா ஒரே வார்த்தைதான்."

"என்ன வார்த்தை?"

"நீயே கேட்டுப் பாரேன்."

அன்று மதியமே கேட்டுப் பார்த்தேன். அந்த வார்த்தை 'சரிங்க'.

இதைப் பிரசவ வார்டில் புதிதாகச் சேரும் தங்கைகளுக்காக எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனை, அது போதும். இதில் வரும் குடும்பத்தின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் இன்னும் அதே வார்டில்தான் வேலை பார்க்கிறேன்.

காப்பர்-டி என்னவென்று உங்களுக்குத் தெரியும். செம்புக் கம்பி சுற்றிய, விரல் நீளம்கூட இல்லாத ஒரு சாதனம். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்த சில நிமிடங்களுக்குள் கருப்பைக்குள் வைத்துவிட்டால், அடுத்த குழந்தையை வேண்டிய வரைக்கும் தள்ளிப்போடலாம். வேண்டும்போது எடுத்துவிடலாம். நல்ல பொருள். இதை நான் எங்கும் மறுத்துப் பேசியதில்லை, இப்போதும் மறுக்கவில்லை. இதற்கென்று தனிப் பயிற்சிக்குப் போய், பொம்மையில் வைத்துப் பழகிச் சான்றிதழ் வாங்கியவள் நான். அந்தப் பயிற்சியின் முதல் வகுப்பே சம்மதம் பற்றியது. கர்ப்ப காலத்திலேயே விளக்கிச் சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்து, பிறகு கேட்க வேண்டும். தேர்வில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

வார்டில் நடப்பது வேறு. கடைசிக் கட்ட வலியில் ஒரு பெண்ணிடம் நாங்கள் சொல்வதையும் கேட்பதையும் வரிசையாக எழுதினால் இப்படி இருக்கும்:

கத்தாதீங்க, மூச்ச இழுத்து விடுங்க. சரிங்க.
கால நல்லா மடக்குங்க. சரிங்க.
இங்க ஒரு ஊசி போடுறேன். சரிங்க.
இப்ப முக்குங்க. சரிங்க.
அடுத்த பாப்பாவுக்கு இடைவெளி வேணும்ல, காப்பர்-டி போட்டுடலாமா? சரிங்க.

ஐந்தாவதும் முதல் நான்கு போலத்தான் கேட்கும். கேஸ் ஷீட்டில் அதை 'சம்மதம்' என்று எழுதுவோம்.

மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கில் ஒவ்வொரு மருத்துவமனையும் எத்தனை பேருக்குப் போட்டது என்று படிப்பார்கள். எங்கள் மருத்துவமனைதான் பெரும்பாலும் முதலில் வரும். கைதட்டுவார்கள். எழுந்து நின்று அதை வாங்கிக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது.

2. திரையில் ஒரு வெள்ளைக் கோடு

பாண்டிச்செல்வி அதிக ரத்தப்போக்கு என்று ஓ.பி.க்கு வந்தாள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் காகிதம் போல வெளுத்திருந்தது. கூட மாமியார்.

"நர்சம்மா, இவள நல்லாப் பாத்து அனுப்புங்க. மாசத்துல பாதி நாளு தூரமாவே கெடக்குறா. பெறகு எங்கிட்டுப் புள்ள தங்கும்?"

"அயித்தே, மெதுவாப் பேசுங்க."

"மெதுவாப் பேசிப் பேசித்தான் இம்புட்டு வருசம் போச்சு. எம்மவன் லீவுல வந்திருக்கான். இப்பவும் ஒண்ணும் ஆகலைன்னா அவன் பாட்டுக்கு சிங்கப்பூருக்குப் போயிருவான். கப்பல் பட்டறைக்காரன் இவளுக்காகக் காத்துக் கெடப்பானா?"

விவரம் கேட்டேன். முதல் பிரசவம் எங்கள் மருத்துவமனையில்தான் நடந்திருக்கிறது. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பு. பெண் குழந்தை. பிறந்ததும் சரியாக அழவில்லை. ஆம்புலன்சில் புதுக்கோட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அங்கேயே இறந்துவிட்டது. அதற்குப் பிறகு கணவன் முருகேசன் ஒருமுறை விடுப்பில் வந்து போனான், குழந்தை தங்கவில்லை. இருவரும் சேர்ந்திருந்த நாள் குறைவு என்று சொல்லிக்கொண்டார்கள். தொட்டில் கட்டினார்கள், வைத்தியரிடம் லேகியம் வாங்கினார்கள். ஸ்கேன் மட்டும் யாரும் எடுக்கவில்லை.

எங்கள் டாக்டர் மேடம் ஸ்கேன் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். கருப்பையின் நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. எனக்கு அது என்னவென்று பார்த்ததுமே தெரிந்தது. மேடத்துக்கும் தெரிந்தது. அவர் கையை அசைக்காமல் கேட்டார்:

"காப்பர்-டி எப்பம்மா போட்டுக்கிட்ட?"

"அப்படின்னா என்னங்க? கட்டியா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான்தான் விளக்கினேன். குழந்தை உண்டாகாமல் இருக்க உள்ளே வைப்பது, முதல் பிரசவம் ஆன அன்றைக்கே வைத்திருக்கிறார்கள், அதனால்தான் ரத்தப்போக்கும்கூட இருக்கலாம் என்று. அவள் படுத்தபடியே திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத எடுத்துட்டா எனக்குப் புள்ள பொறக்குமா?"

"வாய்ப்பு இருக்கும்மா" என்றார் மேடம்.

அவள் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம்தான். வாசல் பக்கம் பார்த்தாள். கதவுக்கு வெளியே மாமியார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"மேடம், கால்ல விழுறேன். இத வெளிய சொல்லிராதீங்க."

எனக்குப் புரியவில்லை. நல்ல செய்திதானே, ஏன் மறைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். எனக்கு இன்னும் திருமணமாகவில்லை; அதனால் புரியவில்லை என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளே சொன்னாள், மிகவும் தணிந்த குரலில்:

"அவரு சிங்கப்பூர்ல இருக்காரு. நான் இங்க தனியாப் படுத்து எந்திரிக்கிறவ. புள்ள உண்டாகாம இருக்க எனக்கு எதுக்குங்க மருந்து? யாருக்காகப் போட்டுக்கிட்டேன்னு கேக்க மாட்டாங்களா?"

மேடம் திரையை அணைத்தார்.

பக்கத்து அறையில் படுக்கவைத்து எடுத்தோம். நூல் தெரிந்தது. ஒருமுறை இருமச் சொல்லி, பிடித்து மெதுவாக இழுத்ததும் வந்துவிட்டது. அவள் தலையைத் தூக்கி டிரேயில் கிடந்ததைப் பார்த்தாள்.

"ஆடி வெள்ளிக்கு மண்சோறு தின்னேன். வருசா வருசம். தரையில போட்டுப் பெசஞ்சு, கையக் கட்டிக்கிட்டு, வாயால. அப்பவும் இது உள்ளதான் இருந்துச்சா?"

"ஆமாங்க" என்றேன்.

வேறு என்ன சொல்வது என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

3. சின்ன சதை

மேடம் என்னைத் தனியே அழைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஒரே நாளில் அடுத்தடுத்து சிசேரியன் செய்துவிட்டு ஓ.பி.க்கு வந்து உட்காருகிறவர். களைத்திருந்தார்.

"வெளிய சொல்ல வேணாம்னு அவளே சொல்றா. நல்லதாப் போச்சு. உள்ள ஒரு சின்ன சதை இருந்துச்சு, எடுத்தாச்சுன்னு மாமியார்கிட்ட சொல்லிடு. பிரச்சின முடிஞ்சுது."

"அது பொய்யில்லையா மேடம்?"

"பேஷண்ட்டோட ரகசியத்தக் காப்பாத்துறது பொய்யா? போம்மா."

அந்த விளக்கம் எனக்கும் வசதியாக இருந்தது. வெளியே போய்ச் சொன்னேன். உள்ளே சின்ன சதை, எடுத்தாயிற்று, பயமில்லை, ரத்தம் ஏற இரும்புச்சத்து ஊசி போட வாரம் இரண்டு நாள் வர வேண்டும்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருப்பீங்க ஆத்தா. நான் அப்பவே சொன்னேன்ல? கோளாறு இவ வயித்துலதான்னு. எம்மவனச் சொன்னாளுங்க, சிங்கப்பூரு சூடுன்னு சொன்னாளுங்க."

அங்கேயே போனை எடுத்தார். யார் யாருக்கோ. ஸ்பீக்கரில் பேசினார்.

"ஏய், தெரிஞ்சுபோச்சுடி. இவளுக்குத்தான். வயித்துக்குள்ள சதை வளந்திருக்கு. நம்ம பயலுக்கு ஒண்ணுமில்ல, அவன் தங்கம்."

பாண்டிச்செல்வி சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தவள், அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபடி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. நீங்க எப்படிக் கேப்பீங்க

இரும்புச்சத்து ஊசிக்கு அவள் தனியாகவே பஸ்ஸில் வந்தாள். சலைன் பாட்டிலில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். அதுவரை பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இரண்டாவது முறை வந்தபோது அவள் பேசினாள்.

"எங்க ஓரகத்திக்கு வளகாப்பு வச்சாங்க."

"போனீங்களா?"

"நான் போகாம யாரு புளிச்சோறு கிண்டுறது? அடுப்படியிலேயே இருந்தேன். வளையல் போட எல்லாத்தையும் கூப்பிட்டாங்க, என்னைக் கூப்பிடல. முன்னாடியும் கூப்பிட மாட்டாங்கதான். ஆனா முன்னாடி பாவம்னு சொல்லுவாங்க. இப்ப அந்தப் புள்ள என்னைத் தாண்டிப் போறப்ப வயித்தப் பொத்திக்கிட்டுப் போகுது. சதை ஒட்டிக்கும்ங்குற மாதிரி."

நான் ஊசி ஏறும் வேகத்தைச் சரிபார்த்தேன். சரிபார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"ஒரு அக்கா சொல்லுது, சதை திரும்ப வளருமாம், கர்ப்பப்பையவே எடுத்துருன்னு. அயித்த வேற ஒண்ணு சொல்றாங்க. லீவு முடியிறதுக்குள்ள அவங்க அண்ணன் மகளப் பேசி முடிச்சுரலாம்னு. இவரு வேணாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. சாப்புட்டுட்டு எந்திரிச்சுப் போறாரு."

"உங்க கணவர்கிட்ட நீங்க..."

"சொல்ல வேணாம்னு நான்தாங்க சொன்னேன். ஒங்க மேல தப்பில்ல. அந்தப் பொய்யி என்னையக் காப்பாத்தும்னு நெனச்சேன். அது ஒங்களத்தான் காப்பாத்திருக்கு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சரியாக வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது. மற்ற கட்டில்களில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில்கூட அதைத்தான் பார்த்தேன்.

"ஒண்ணு கேக்கவா நர்சம்மா? அத வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க எப்படிக் கேப்பீங்க?"

"யாரு, நானா?"

"ஆமா. என்கிட்ட எப்படிக் கேட்டாங்கன்னு எனக்கு ஞாபகமே இல்ல. நீங்க கேக்குற மாதிரி கேட்டுக் காட்டுங்க."

நான் சொல்லிக் காட்டினேன். அடுத்த பாப்பாவுக்கு இடைவெளி வேணும்ல, காப்பர்-டி போட்டுடலாமா? தினமும் சொல்லும் வாக்கியம்தான். வலியில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கண்ணைப் பார்த்து அதை அதற்கு முன் நான் சொன்னதேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வாக்கியத்தின் முடிவில் என் குரல் இறங்கிவிட்டது.

அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"இப்படிக் கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். அந்த நேரத்துல நானும் ஒண்ணு கேட்டுக்கிட்டே இருந்தேங்க. பாப்பா ஏன் அழுகல, பாப்பா ஏன் அழுகலன்னு. அதுக்கு யாரும் பதிலு சொல்லல."

பாட்டில் தீர்ந்துவிட்டது. ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தேன்.

"அடுத்த தடவ அவரையும் அயித்தையையும் கூட்டிட்டு வாரேன். நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. இந்தக் கோட்டு போட்டவங்க சொன்னா நம்புவாங்க."

"சொன்னதுக்கப்புறம் அவங்க தப்பா நெனச்சிட்டா?"

"நெனச்சா எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். இப்பவும் அங்கதான அனுப்பப் பாக்குறாங்க."

5. கட்டில் கட்டிலாக

மேடத்திடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பேஷண்ட்டே சொல்லச் சொன்னா தடுக்க முடியாது. ஆனா யாரு போட்டா, ஏன் போட்டான்னு போகாத. முன்னாடியே இருந்திருக்கு, கவனிக்கல. அதோட நிறுத்து."

சரி என்றேன். எனக்கும் அந்த வார்த்தை எளிதாகத்தான் வந்தது.

மதியம் ஓ.பி. முடிந்து, கர்ப்பிணிகள் உட்காரும் கூடத்தில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. முருகேசன் சட்டைப் பையில் கைபேசி, கையில் தண்ணீர் பாட்டில் பை. மாமியார் உட்காராமல் நின்றார். பாண்டிச்செல்வி சுவரோரம். நான் ஒரு காப்பர்-டி உறையைப் பிரித்து மாமியாரின் கையில் வைத்தேன்.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னது பொய். இவங்க வயித்துல சதை எதுவும் இல்ல. இதுதான் இருந்துச்சு. குழந்தை உண்டாகாம இருக்க வைக்கிறது."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே மருமகள் பக்கம் திரும்பினார்.

"எவன்டி வச்சுவிட்டது? எம்மவன் அங்கிட்டு வெயில்ல வேகுறான், நீ இங்கிட்டு..."

"நாங்கதான் வச்சோம்" என்றேன்.

சொல்லக் கூடாது என்று மேடம் சொன்ன வார்த்தை. குரல் பெரிதாகவே வந்தது.

"இந்த ஆஸ்பத்திரிலதான் வச்சோம். முதல் குழந்தை பிறந்த அன்னைக்கே, பிறந்த கையோட. இவங்களுக்குப் புரியிற மாதிரி யாரும் கேக்கல. வீட்டுக்கு அனுப்புறப்பவும் சொல்லல. குழந்தை இறந்தப்புறம் கூப்பிட்டு எடுத்திருக்கணும். அதையும் செய்யல."

முருகேசன் முதல்முறையாகப் பேசினான். சத்தம் போடவில்லை.

"அன்னைக்கு வச்சதுதான்னு எப்படிங்க சொல்றீங்க? பெறகு வச்சதா இருக்கக் கூடாதா?"

பாண்டிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்தாள்.

"அப்ப எழுதின கேஸ் ஷீட்டு இப்ப கைவசம் இல்ல. ஆனா இங்க பிரசவமாகுற கிட்டத்தட்ட எல்லாருக்கும் இப்படித்தான் வைக்கிறோம்" என்றேன். "நிறைய பேருக்கு வச்சதே தெரியாது."

"தெரியாதா?" என்றார் மாமியார். "ஒரு பொம்பளைக்குத் தன் வயித்துல ஒரு சாமான் இருக்கறது தெரியாம இருக்குமா? யாருகிட்டக் கத விடுறீங்க?"

எங்கள் கூடத்தை ஒட்டியதுதான் பிரசவம் ஆனவர்களின் வார்டு. பார்வையாளர் நேரம். கதவு திறந்திருந்தது. அவர் காப்பர்-டியைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனார். நான் பின்னால் ஓடினேன். தடுத்திருக்கலாம். ஏன் தடுக்கவில்லை என்று பிறகு எனக்கு மெமோ வந்தது. அதற்கு எழுதிய பதிலில் உண்மையான காரணத்தை எழுதவில்லை. உண்மையான காரணம், என்ன பதில் வரும் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

முதல் கட்டிலில் ஒரு பெண், அவளுடைய அம்மா.

"ஏத்தா, ஒனக்கு இத உள்ள வச்சிருக்காங்களா?"

"என்னாது அது? காதுல போடுறதா?"

அம்மாக்காரி எட்டிப் பார்த்தாள். "கொழந்த பொறந்ததும் என்னமோ செஞ்சாங்க. தையலுன்னு நெனச்சோம்."

இரண்டாவது கட்டில். "வலி நின்னாப் போதும்னு கெடந்தேன். அப்ப எம்பேரக் கேட்டாலே தெரிஞ்சிருக்காது, இதக் கேக்குறீங்களே."

மூன்றாவது கட்டிலில் இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இருக்கு. நான் கேட்டு வச்சுக்கிட்டேன். மூத்தது இன்னும் பால் மறக்கல. வருசத்துக்கு ஒண்ணு பெக்க நான் என்ன மிஷினா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான்காவது கட்டிலில் இருந்த பெண்ணுக்கு முந்தைய நாள் பிரசவம் பார்த்தது நான். அவள் கையை நான் பிடித்திருந்தேன், முதுகை நீவிவிட்டேன், ஆண் குழந்தை என்று அவள் காதில் முதலில் சொன்னதும் நான்தான். காப்பர்-டி வைத்ததும் நான்தான். மாமியார் கேட்டதும் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மாமியாரின் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.

"எனக்கா? நர்சக்கா, எனக்கும் வச்சிருக்கீங்களா?"

"ஆமா."

"எப்ப?"

"நேத்து. கேட்டேனே, நீங்க சரின்னு..."

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவள், நல்ல நர்சு என்று தன் நாத்தனாரிடம் என்னைக் காட்டியவள், இப்போதும் மரியாதையாகவே கேட்டாள்:

"இருக்கட்டுமாக்கா, எடுத்துரணுமா?"

"அது உங்க இஷ்டம்."

"எங்க இஷ்டமா?" என்று கேட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள்.

மாமியார் அதற்கு மேல் எந்தக் கட்டிலுக்கும் போகவில்லை. கூடத்துக்குத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். காப்பர்-டியைப் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தார். முருகேசன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?" என்றான் மனைவியிடம்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? இப்பக் கேட்டீங்களே ஒரு கேள்வி."

அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினான். அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாங்கினாள்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. மருமகளைப் பார்க்கவும் இல்லை. என்னிடம்தான் பேசினார்.

"சதைன்னு ஊரெல்லாம் சொன்னவ நான். எந்த வாயால சொன்னேனோ அந்த வாயாலேயே வீடு வீடாப் போயி மாத்திச் சொல்லிக்கிறேன். அது என் தலையெழுத்து. நீங்க ஒங்க ஆளுங்ககிட்ட சொல்லுவீங்களா?"

பெஞ்சின் மேல் கிடந்த காப்பர்-டியை நான் கையில் எடுத்தேன்.

"எந்திரித்தா. ஆலங்குடி பஸ்ஸு வந்துரும்" என்றார் மருமகளிடம். அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

6. கைதட்டல்

அன்று மாலை நான்காவது கட்டில் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாக விளக்கினேன். யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றாள். முதல் கட்டில் பெண் எடுக்கச் சொன்னாள், எடுத்தோம். மேடம் என்னை ஒரு வாரம் சரியாகப் பார்த்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் கர்ப்பிணிகள் கூடத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது கடந்து போனவர், நின்று, "நாலு சாம்பிள் எடுத்து வச்சுக்க, கையில குடுத்துக் காட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கைகளே, இப்போது நான் செய்வது இது. ஏழாம் மாதத்திலேயே கேட்கிறேன். பொருளைக் கையில் கொடுக்கிறேன். வேண்டாம் என்று சொல்லலாம் என்பதைக் கேள்விக்கு முன்னால் சொல்கிறேன். பிரசவ அறையில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை, முன்பே வேண்டும் என்றவர்களைத் தவிர. வைத்தவர்களிடம் வீட்டுக்குப் போகும்போது மறுபடி சொல்கிறேன். குழந்தை இறந்துபோனால், அந்தத் தாயை வீட்டுக்கு அனுப்பும் முன் எடுத்துவிடவா என்று கேட்கிறேன். இதில் ஒன்றுகூட நான் கண்டுபிடித்தது இல்லை. எல்லாமே பயிற்சியில் முதல் வகுப்பில் இருந்தது. வலியில் கிடப்பவள் சொல்லும் சரி சம்மதம் ஆகாது என்று நான் முழு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். எழுதத் தெரிந்தது தெரிந்ததாகாது.

பாண்டிச்செல்வி மீதி ஊசிகளுக்கும் வந்தாள். ரத்தம் ஏறியிருந்தது. முருகேசன் சிங்கப்பூர் திரும்பிவிட்டான். அண்ணன் மகள் பேச்சு நின்றுவிட்டது என்றாள். மாமியார் சொன்னபடி வீடு வீடாகப் போனாராம்; எல்லா வீட்டிலும் நம்பினார்களா என்று தெரியாது என்றாள். வேறு செய்தி உண்டா என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

அடுத்த ரிவ்யூ மீட்டிங்கில் எங்கள் எண்ணிக்கை இறங்கியிருந்தது. மேடை மேலிருந்த அதிகாரி எங்கள் பெயரைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சிஸ்டர், நீங்கதான எப்பவும் ஃபர்ஸ்ட்டு?"

எழுந்தேன். "இப்ப முன்னாடியே கேக்குறோம் சார். சில பேரு வேணாம்ங்குறாங்க."

"எப்பவும் கேட்டுத்தான போடுறோம்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 'ஒங்க ஆளுங்ககிட்ட சொல்லுவீங்களா?' என்று மாமியார் கேட்டது ஞாபகம் வந்தது.

"இல்ல சார். வலியில கேட்டோம். அது கேட்டதா ஆகாது. எங்க வார்டுல வச்சதே தெரியாம ஆளுங்க இருந்தாங்க. நான் வச்சவங்களும்."

அதிகாரி, "உக்காருங்க, அப்புறம் தனியாப் பேசலாம்" என்றார். யாரோ இருமினார்கள். டீ வந்தது.

அந்த மாதம் முதலிடம் வேறொரு மருத்துவமனைக்கு. அந்த நர்ஸ் எழுந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் சிரிப்பு. எல்லோரும் கைதட்டினார்கள், பழக்கத்தில் நானும் தட்டினேன். அந்த ஊரில் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டால் எத்தனை பேர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து 'எனக்கா?' என்று கேட்பார்கள் என்று தோன்றியது. என் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.